வாயுவுக்கு வாசிக்கத் தெரியாது

அவைக்குத் தலைமை ஏற்று, அகன்ற நாற்காலியில் அடக்கமே உருவாக அமர்ந்திருக்கும் எரிவாயுக் குழாய் நிறுவனத்தின் மேலாளர் ஐயா அவர்களே, அந்த மேலாளரையே வீட்டில் மேலாண்மை செய்து, முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் அவருடைய துணைவியார் அவர்களே, வெயிலிலும் மழையிலும் குழாய் போன வழியே கூடவே போய்க் குதிகால் தேய்ந்த தொழிலாளத் தோழர்களே, கட்டுப்பாட்டு அறையில் கண்ணிமைக்காமல் வாயுவின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் அதிகாரிகளே, முன்னால் இடம் இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்கும் அருமைத் தாய்மார்களே, உங்கள் அத்தனை பேரையும் குழாய் ஓடும் எங்கள் தெருவின் சார்பில் நெஞ்சாரக் கும்பிடுகிறேன்.

பாதுகாப்பு நாள் விழாவில் ஒரு வாழ்த்துரை வேண்டும், அது சுருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை மேடை ஏற்றினார்கள். சுருக்கமாகப் பேசும் பெண்மணி வேண்டுமென்றால் எங்கள் தெருவில் வேறு எந்தக் கதவைத் தட்டியிருந்தாலும் கிடைத்திருப்பார். பாருங்கள், இதற்கு என் கணவர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டுகிறார். தட்டட்டும், வீட்டுக்குத்தானே வர வேண்டும்.

தெருமுனைப் பேக்கரிக்காரரின் மனைவி என்று என்னை உங்களுக்குத் தெரியும். நிறுவனத்தாருக்கு என்னை வேறு விதமாகத் தெரியும். அவசரகாலப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் இடது கால் முறிந்து, இலவ மரத்தடியில் விழுந்து கிடக்கிறாளே ஒரு பெண், அவள் நான்தான். இந்தக் கால் முறிந்த முறிவுக்கு இந்நேரம் பொடிப்பொடியாகப் போயிருக்க வேண்டும். அத்தனை பயிற்சி கண்ட கால் இது. மூன்றாவதாக எனக்கு இன்னொரு உறவும் இருக்கிறது. அதோ கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் குறுகி உட்கார்ந்திருக்கிறானே வால்வு நிலைய ஊழியன், அவனுக்கு நான் அக்கா. போன மாதம் எங்கள் தெருவில் நடந்ததற்காக நாளைக் காலை அவனை விசாரிக்கப் போகிறார்கள். அவன் வேலை நிலைக்குமா, பறிபோகுமா என்று நாளைக்குத் தீர்மானம். ஆகவே சபையோரே, நான் இன்று வாழ்த்த வரவில்லை, வாதாட வந்திருக்கிறேன்.

ஐயா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அது நன்றாகத்தான் ஓடுகிறது.

தம்பி என்பதால் பரிந்துகொண்டு வந்துவிட்டாள் என்று அங்கே ஒருவர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தம்பி என்பதால்தான் அன்றைக்கே அவன் முதுகில் நாலு வைத்தேன். விசாரணையில் பாதி அப்போதே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியை இந்த ஊரறியப் பேசிவிடுவோம்.

முதலில், எங்கள் தெருவில் பயிற்சி என்பது எப்படி நடக்கும்? முந்தின நாள் மாலை என் கணவருக்கு நிறுவனத்திலிருந்து போன் வரும். நாளைக்குப் பன் வேண்டும், நிறைய வேண்டும், நடுவில் கிரீம் வைத்ததாக வேண்டும் என்பார்கள். அவ்வளவுதான், தெரு முழுக்கத் தெரிந்துவிடும், நாளைக்கு விபத்து என்று. விபத்தென்றால் இப்படியல்லவா வர வேண்டும்? சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதற்கு அது என்ன விருந்தாளியா? சொல்லிவிட்டு வருகிற விபத்து, சொன்ன நேரத்துக்கு வருகிற விபத்து, வரும்போதே பன்னோடு வருகிற விபத்து எங்கள் தெருவுக்கு மட்டுமே வாய்த்தது.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் முன்கூட்டியே வந்து நிழல் பார்த்து நிற்கும். தீயணைப்பு வண்டி குளித்து முழுகிப் பளபளவென்று நிற்கும். மேலாளர் ஐயா வரவேற்புரை ஆற்றுவார். வரப்போகும் விபத்தை வருக வருக என்று வாயார வரவேற்ற பெருமை அவரையே சேரும். சிரிக்கிறார் பாருங்கள், நல்ல மனிதர். அதன் பிறகு விசில். நான் கால் முறிந்து விழுவேன். எதிர்வீட்டுத் தையல்காரர் மயங்கி விழுவார். மயக்கமென்றால் ஏனோதானோ மயக்கமா? மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையாத மயக்கம், ஆம்புலன்ஸ்காரர்களே அவ்வப்போது பயந்துபோய் நாடி பிடித்துப் பார்க்கும் மயக்கம்.

இதெல்லாம் நடக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் சில உண்டு, கவனித்துக் கேளுங்கள். வால்வு நிலையத்திலிருந்து ரேடியோவில் பேசுகிறவன், எதைச் சொன்னாலும் முதலிலும் கடைசியிலும் ‘ஒத்திகை, ஒத்திகை’ என்று சேர்த்தே சொல்ல வேண்டும். வழியில் யார் காதிலாவது விழுந்து பதறிவிடக் கூடாதே என்பதற்காக. நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. வால்வைத் திருப்பி மூட வேண்டிய கட்டம் வரும். நிஜமாக மூடினால் ஊரில் உள்ள அடுப்பெல்லாம் அணைந்துவிடும் அல்லவா? அதனால் வால்வின் சக்கரத்தைத் தொடக் கூடாது. ‘மூடப்பட்டது’ என்று எழுதிய பலகை ஒன்று இருக்கிறது, அதைச் சக்கரத்தில் மாட்டிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். அதுவும் நல்ல விதிதான். அடுத்து, அட்டையும் பேனாவுமாக ஓர் அதிகாரி எங்கள் பேக்கரி வாசலுக்கு வந்து, அடுப்பு அணைந்ததா என்று கேட்பார். என் கணவர் உள்ளே ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, அணைச்சாச்சு என்பார். அதிகாரி குறித்துக்கொள்வார். எல்லோரும் கை தட்டுவோம், பன் தின்போம், படம் எடுத்துக்கொள்வோம், முறிந்த காலோடு நான் நடந்தே வீட்டுக்குப் போவேன்.

என் தம்பி இந்த வேலைக்கு வந்த நாள் முதல் கற்றது இதைத்தான். சும்மா சொல்லக் கூடாது, கற்றதை உடம்பில் ஏற்றிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ரேடியோவில் பேசி முடிக்கும்போது ‘ஓவர்’ சொல்ல வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் பசித்தால்கூட, அக்கா, தட்டு காலி, ஓவர் என்றுதான் சொல்வான். தெருவில் அவனுக்குப் பெயரே ஓவர்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, எனக்குச் சம்மதம், ஓவர் என்றான். அப்படிப்பட்ட மாணவன் உங்களுக்குக் கிடைத்தான், அவனுக்கு அப்படிப்பட்ட பாடம் கிடைத்தது.

இனி அன்று நடந்ததற்கு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் காலை. யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் சாக்கடைக்குப் பள்ளம் தோண்ட எங்கள் பேக்கரிக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். கீழே குழாய் போகிறதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. இயந்திரம் கையை ஓங்கியது, மண்ணைக் கடித்தது, மண்ணோடு சேர்த்துக் குழாயையும் கடித்துவிட்டது. குக்கர் விசில் அடித்தால் ஒருமுறை அடித்து நிற்கும், இது நிற்கவே இல்லை. இயந்திரத்தை ஓட்டி வந்தவர் அதை அணைத்தார், அந்த மட்டில் அவர் வாழ்க. அணைத்த கையோடு குதித்து ஓடினார் பாருங்கள் ஓட்டம், இன்று வரை அவரை யாரும் பார்க்கவில்லை.

தெருவின் மறுகோடியில் வால்வு நிலையம். அங்கிருந்து என் தம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பார்த்த கண்ணோடு ரேடியோவை எடுத்தான். பயிற்சி பெற்றவன் அல்லவா, பதறவில்லை, தடுமாறவில்லை, கணீரென்று பேசினான்.

“ஒத்திகை, ஒத்திகை. வால்வு நிலையம் பேசுறேன். தெருவுல குழாய் உடைஞ்சு கேஸ் வெளிய வருது. உடனே ஆள் அனுப்புங்க. ஒத்திகை, ஒத்திகை, ஓவர்.”

கட்டுப்பாட்டு அறையிலிருந்து என்ன பதில் வந்தது தெரியுமா?

“ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. போன தடவைக்கு இப்ப குரல்ல ஒரு உயிர் இருக்கு.”

என் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. இது நிஜம் என்று கத்தினான். கத்தினான் சரி, கத்தி முடித்த கையோடு ‘ஒத்திகை, ஒத்திகை, ஓவர்’ என்றும் சேர்த்தான். நாக்கு அதுவாகவே சேர்த்துவிட்டது. ரேடியோவைத் தெருப் பக்கம் நீட்டி, அந்தச் சத்தத்தையே கேளுங்கள் என்றான். சத்தத்துக்குக்கூட இந்த முறை ஏற்பாடு செய்திருக்கிறார்களே என்று அதிகாரி வியந்துபோனாராம். அழுத்த முள் இறங்குவதையும் பார்த்தாராம், பயிற்சிக்காக யாரோ முள்ளை இறக்கிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தாராம். கடைசியில், பன் வந்தால் எனக்கு இரண்டு எடுத்து வை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த அதிகாரி இங்கேதான் இருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் காதில் விழுந்த சொல் ஒத்திகை. ஒத்திகை என்றால் ஒத்திகை என்றே எடுத்துக்கொள் என்று அவருக்கும் நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?

அப்புறம் என் தம்பி என்ன செய்தான்? வால்வை நோக்கி ஓடினான். ஆணியில் தொங்கிய பலகையை எடுத்தான். சக்கரத்தில் மாட்டினான். கோணலாக இருந்தது, நேராக்கினான். ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு, சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருந்தான்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது சமையலறையில் இருந்தேன். எங்கள் பயிற்சியில் எல்லாம் உண்டு, நாற்றம் மட்டும் கிடையாது. கேஸுக்கே உரிய அந்த அழுகின முட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் அடித்ததும் என் கை அடுப்பை அணைத்தது, கால் வாசலுக்கு வந்தது. வந்து பார்த்தால், எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வெளியே வந்து, இடம் பார்த்து, தூசி தட்டி, படுத்துக் கண்ணை மூடிவிட்டார். எழுந்திருங்கள், நிஜமாகவே கேஸ் என்றேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“நான் மயங்கியிருக்கேன்மா. எங்கிட்ட பேசாதீங்க.”

சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தேன். எப்போதும் நாலு பேர் வந்து தூக்குவார்களே என்று கேட்டார். இன்றைக்கு நீங்களே எழுந்து நடந்தால்தான் நாளைக்கு நாலு பேர் தூக்காமல் இருப்பார்கள் என்றேன். அந்தப் பேச்சில் மயக்கம் தெளிந்தது. தெளிந்த பிறகு அந்த மனிதர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, விளக்கைப் போடாதே, வண்டியைக் கிளப்பாதே, காற்று வருகிற பக்கமாக நட என்று சொல்லித் தெருவையே காலி செய்தார். தையல்காரரே, எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஐயோ, படுத்துவிடாதீர்கள்.

இப்போது தெருவில் மீதி இருந்தது ஒரே ஒரு நெருப்பு. எங்கள் பேக்கரி அடுப்பு. உடைந்த குழாய்க்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர். நான் ஓடினேன். உள்ளே என் கணவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நாளெல்லாம் ரொட்டி வாசனையில் நிற்கிற மூக்கு, அதற்கு வேறு வாசனை ஏறாது. அடுப்பை அணையுங்கள் என்று வாசலிலிருந்து கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அணைச்சாச்சு என்றார். அவருக்குப் பின்னால் நெருப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். சத்தம் போட்டால் நம்ப மாட்டார், பயிற்சியில் நான் போடாத சத்தமா? அழுதாலும் நம்ப மாட்டார், கால் முறிந்து நான் அழாத அழுகையா? அவ்வளவு நன்றாக நடித்துத் தொலைத்திருக்கிறேன். எதைச் சொன்னால் இந்த மனிதர் நம்புவார்? அப்போதுதான் கேட்டேன்.

“என்னங்க, நேத்து உங்ககிட்ட யாராவது பன் கேட்டாங்களா?”

மாவில் இருந்த கை நின்றது. யோசித்தார். “கேக்கலையே” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, பன் இல்லையென்றால் பயிற்சி இல்லை. அடுத்த நொடி அடுப்பின் திருகை மூடினார், நெருப்பு போனது, பாதி வெந்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு மாவுக் கையோடு வெளியே வந்தார்.

இரண்டு பேரும் தெருவைச் சுற்றிக்கொண்டு வால்வு நிலையத்துக்கு ஓடினோம். அங்கே என் உடன்பிறப்பு, பலகையைப் பார்த்தபடி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். அக்கா, மூடியாச்சு, ஆனா சத்தம் நிக்க மாட்டேங்குது, ஓவர் என்றான்.

“டேய், பலகை மாட்டினா போதுமாடா? கேஸுக்குப் படிக்கத் தெரியுமா?”

நான் சற்று முன் சொன்ன அந்த நாலு முதுகில் விழுந்தது அப்போதுதான். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தான். சக்கரம் அசையவில்லை. எப்படி அசையும்? ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் புதிதாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து, அடித்ததன் மேலேயே அடித்து, சக்கரமும் தண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தன. அவன் பிடித்தான், என் கணவர் பிடித்தார். காலமெல்லாம் மாவு பிசைந்த கை அது. இருவரும் பல்லைக் கடித்தார்கள். பெயின்ட் பட்டென்று உரிந்தது, சக்கரம் முனகியது, திரும்பியது. அந்த நாசமாய்ப்போன சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

அடங்கியதும் ஊரில் அடுப்பெல்லாம் அணைந்தது. மேலாளர் ஐயா வீட்டு அடுப்பும் அணைந்தது. அழுத்த முள்ளைப் பார்த்து அதிகாரிகள் அறியாததை, அடுப்பைப் பார்த்து அம்மையார் அறிந்தார். ஐயாவுக்குப் போன் போட்டார். என்ன சொன்னார் என்பது கணவன் மனைவிக்கு இடையில் உள்ளது, நமக்கு வேண்டாம். அதன் பிறகுதான் ஐயா கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார், சங்கு ஊதியது, வண்டிகள் பறந்து வந்தன. அம்மா, உட்காருங்கள், நாங்கள்தான் எழுந்து உங்களுக்குக் கை தட்ட வேண்டும்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எங்கள் தெரு இருந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் என் தம்பி மேல் குற்றச்சாட்டு இருக்கிறது. நிஜ விபத்தை ஒத்திகை என்று சொன்னான், சக்கரத்தைத் திருப்பாமல் பலகையை மாட்டினான் என்கிறார்கள். ஆமாம், சொன்னான். ஆமாம், மாட்டினான். இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. நான் கேட்பதெல்லாம் இதுதான். அந்தச் சொல்லை அவன் நாக்கில் ஏற்றியது யார்? அந்தப் பலகையை அவன் கையில் கொடுத்தது யார்? அணைக்காத அடுப்பை அணைந்தது என்று குறித்துக்கொண்டது யார்? முறியாத காலுக்குக் கட்டுப் போட்டது யார், போடச் சொல்லிக் காலை நீட்டியது யார்? நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு நாடகம் கற்றோம், ஒரு நாடகம் கற்பித்தோம். அதில் மனப்பாடமாக ஒப்பித்த ஒருவனை மட்டும் தனியே பிடித்து நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே மேடையில் இருப்போரே, இனி பயிற்சியைச் சொல்லாமல் வையுங்கள். சக்கரத்தை நிஜமாகவே திருப்புங்கள். வருடத்தில் ஒரு நாள் ஊர் அடுப்பு அணையட்டும். தாய்மார்களே, ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் பொறுத்துக்கொள்வீர்களா? கையைத் தூக்குங்கள். பாருங்கள் ஐயா, எத்தனை கை. ஒரு நாள் சமையல் கிடையாது என்றால் இவர்கள் ஏன் மாட்டேன் என்று சொல்லப் போகிறார்கள்? என் கணவர் மட்டும் தூக்கவில்லை. பன் வியாபாரம் போகிறதே என்று பார்க்கிறார். போகட்டுங்க, நீங்க இருக்கீங்க, எனக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. இதைச் சிரிக்காமல் சொல்கிறேன்.

தோண்டியவர் ஓடினார், அவரை நான் குறை சொல்லவில்லை, உயிர் யாருக்கும் வெல்லம்தான். என் தம்பியும் ஓடியிருக்கலாம். வால்வு நிலையத்தின் பின்கதவு திறந்துதான் இருந்தது, அதைத் தாண்டினால் வெறும் மைதானம். யாரும் வரவில்லை, யாரும் நம்பவில்லை, சொன்னதையெல்லாம் நடிப்பு என்றார்கள், கேஸ் சத்தம் காதைக் கிழித்தது. அவன் நின்றான். தப்பான சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றான், தப்பான பலகையை மாட்டிக்கொண்டு நின்றான், ஆனாலும் அந்த இடத்தைவிட்டு அவன் நகரவில்லை. சொல்லைத் திருத்திவிடலாம் ஐயா. பலகையைக் கழற்றி வீசிவிடலாம். சக்கரம் திருப்புவதை ஒரு காலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எல்லோரும் ஓடும்போது நிற்கிற மனசு இருக்கிறதே, அதை எந்தப் பயிற்சியில் கொடுப்பீர்கள்? அந்த மனசோடு ஒருவன் உங்களிடம் இருக்கிறான். அவனை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் யாரை நிறுத்தப் போகிறீர்கள்?

என்ன ஐயா, எழுந்துவிட்டீர்கள்? வாருங்கள், ஒலிபெருக்கி உங்களுடையது.

கேட்டீர்களா தாய்மார்களே? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்காக ஐயா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “நாளைக்கு விசாரணை நடக்கும்மா. ஆனா உங்க தம்பிக்குப் போட்ட நாற்காலியில நான் உக்காந்து பதில் சொல்றேன். அவன் வேலைக்குப் போகட்டும்.”

ஐயா, சுருக்கமாகப் பேசச் சொன்னீர்கள், இப்போது முடித்துவிடுகிறேன். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். டேய், தூணுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைக்காதே, முன்னால் வந்து ஐயா கையைப் பிடித்துக்கொள். என்னைச் சகித்த இந்தச் சபைக்கும், சரியாகக் கேட்ட இந்தக் காதுகளுக்கும், உண்மையை ஊரறிய ஒப்புக்கொண்ட இந்தப் பெரிய மனசுக்கும் எங்கள் தெருவே கடமைப்பட்டிருக்கிறது. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். நன்றி, வணக்கம்.